பாடுகிறவரைக் காணவில்லை

கோயில் கொடைத் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி 5 நிமிடத்துக்கு, எங்கள் தெரு முத்தாரம்மன் கோயில் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு முழுதாகக் கேட்டது. முழுதாக என்றால், இரைச்சல் இல்லாமல், பாடுகிறவரின் குரலோடு. அதற்கு முந்தைய ஏழு நாளில் நாதஸ்வரம் கேட்டது, தவில் கேட்டது, வண்டு ரீங்கரிக்கிற சத்தம் கேட்டது, கம்ப்யூட்டர் ‘டிங்’ என்று மணியடித்ததும் கேட்டது. பாடுகிறவர் மட்டும் முதலில் வரவே இல்லை, வந்த பிறகும் அந்த வண்டோடுதான் வந்தார்.

நான் ரேடியோ மெக்கானிக் இல்லை. சேரன்மகாதேவியில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, கொடை அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுதும் தட்டச்சு செய்கிறவன். கம்ப்யூட்டர் பழக்கம் இருப்பதால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்கும் தலைக்கட்டு வரிக்கணக்கும் என் பொறுப்புக்கு வந்துவிட்டது. சென்னையில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர், தம் அலுவலகத்தில் கழித்துவிட்ட மேசைக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கணக்கெழுதக் கொடுத்தார். அது வந்துசேர்ந்த அதே மாதம், காலைப் பாட்டுப் போட்டுவந்த டிவிடி பிளேயர் கண்ணை மூடியது. “கம்ப்யூட்டரில் பாட்டு வரும்தானே தம்பி?” என்று பூசாரி அண்ணாச்சி கேட்டார். வரும் என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒன்பது நாளும் 1,240 ரூபாயும் ஆயின.

இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறேன், கோளாறில் பாதி அதில்தான் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் மண்டபத்துச் சுவர் அலமாரியில் இருக்கிறது. கம்ப்யூட்டர், பிற்பாடு கட்டிய அலுவலக அறையில் இருக்கிறது. அந்த அறைக்குத் தனி மீட்டர், தனி எர்த் குழி. நேராக அளந்தால் இரண்டுக்கும் இடையே 9 மீட்டர்தான். சுவரோரமாகப் போய், நிலைக்கு மேலே ஏறி இறங்கினால் ஒயருக்கு 14 மீட்டர் வேண்டும். ஆம்ப்ளிஃபயர் பழையது. உபயம் கொடுத்தவரின் பெயரை மஞ்சள் பெயிண்டால் எழுதியதில், முன்பக்கத் திருகு ஒன்றின் எண்களே மறைந்துவிட்டன. மைக்குக்கு நான்கு ஓட்டை, வேறு கருவியின் பாட்டை வாங்க ‘ஆக்ஸ்’ என்று ஓர் ஓட்டை. பின்னால் ஸ்பீக்கருக்கு 4, 8, 16 ஓம் முனைகளும் 100 வோல்ட் முனையும் உண்டு. மண்டபத் தூண்களில் இருக்கும் இரண்டு நீளப் பெட்டி ஸ்பீக்கர்களும் அந்த 100 வோல்ட் லைனில் ஓடுகின்றன. அந்தப் பக்கம் நான் கைவைக்கவில்லை. பெயரே 100 வோல்ட். சத்தமாக வைத்தால் கையை உதறவைக்கும். கம்ப்யூட்டர் ஒயரைத் தவறுதலாக அங்கே செருகினால் கம்ப்யூட்டர் போய்ச்சேர்ந்துவிடும்.

வெளியே குழாய் ஒலிபெருக்கி கட்டுவதில்லை என்று கமிட்டியில் முன்பே முடிவானது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதனால் எங்கள் அம்மனும் 6 மணிக்கு மேல்தான் பாட்டுக் கேட்கிறாள்.

வெள்ளிக்கிழமை இரவு கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று வட்ட ஓட்டைகள்: இளஞ்சிவப்பு, பச்சை, நீலம். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் வெளியிட்ட பிசி 99 வழிகாட்டி நிலைப்படுத்திய நிறங்கள் இவை. பச்சை, ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீடு. நீலம், வேறு கருவியிலிருந்து வரும் பாட்டை உள்ளே வாங்குவது. இளஞ்சிவப்பு, மைக்குக்கு. எண்ணெய் விளக்குப் புகை படியும் ஓர் அறையில் 40 வாட் பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் மூன்றும் ஒரே நிறம்தான். என் ஹெட்போனை முதலில் நீலத்தில் செருகிவிட்டுச் சத்தம் வரவில்லையே என்று அரை மணி நேரம் மென்பொருளைக் குடைந்தேன்.

சரியான ஓட்டைக்கு மாற்றிய பிறகும் இடது காது மட்டும் கேட்டது. பிளக்கைத் திருகினால் கரகரத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சை ஓட்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. பல்குத்தும் குச்சியால் கிளறினேன். விபூதி! கம்ப்யூட்டர் வந்த அன்று அதற்குப் பூசை போட்டு நாலா பக்கமும் விபூதி தெளித்தது நினைவுக்கு வந்தது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, குச்சியின் முனையில் பஞ்சை மெல்லியதாகச் சுற்றி ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தொட்டுத் துடைத்தேன். நான்காவது பஞ்சு வெள்ளையாகவே வெளியே வந்தது. பத்து நிமிடம் உலரவிட்ட பிறகு இரண்டு காதும் கேட்டன. பஞ்சை இறுக்கிச் சுற்றாவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். இரண்டாவது பஞ்சு அப்படித்தான் தங்கி, ஊக்கால் எடுக்கவேண்டியதாயிற்று.

முன்பக்க ஓட்டையையும் பார்த்தேன், அது செத்துக் கிடந்தது. மூடியைத் திறந்தால் முன்பக்கத்திலிருந்து வரும் சிறிய கருப்பு இணைப்பு எங்கும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மதர்போர்டின் ஓரத்தில் அதற்கென்று இரண்டு வரிசையில் ஒன்பது பின்கள் இருக்கும். பத்துக்கு இடம், எட்டாவது பின் மட்டும் இல்லாமல் விட்டிருப்பார்கள், தலைகீழாகச் செருகிவிடக் கூடாது என்பதற்காக. செருகினேன், உயிர் வந்தது. இந்த ஒன்று மட்டும் முதல் முயற்சியிலேயே முடிந்தது.

சனிக்கிழமை காலை பாபநாசத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனேன். முதல் கடையில் ஆயத்தமாக ஒரு கேபிள் வாங்கினேன்: ஒரு முனையில் 3.5 மி.மீ. பிளக், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ பின்கள், ஒன்றரை மீட்டர், 150 ரூபாய். பஸ் பேட்டையைத் தாண்டும்போதுதான் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் ஓட்டை பெரிய 6.35 மி.மீ. வகை என்பது நினைவுக்கு வந்தது. சுத்தமல்லி விலக்கில் இறங்கித் திரும்பவும் ஜங்ஷன். ஓட்டையின் படத்தை போனில் எடுத்துவைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவன் ஒரு பஸ் கட்டணம் மிச்சம்பிடிப்பான்.

இரண்டாம் முறை வாங்கியவை: உள்ளே சிவப்பு, வெள்ளை என்று இரண்டு இழையும் மேலே செம்பு வலையும் கொண்ட ஷீல்டு ஒயர் 15 மீட்டர், மீட்டர் 30 ரூபாய், உலோக உடம்புள்ள 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக் 60, 6.35 மி.மீ. மோனோ பிளக் 50. சூட்டில் சுருங்கும் குழல் 20. ஆல்கஹால் வீட்டில் இருந்தது தீர்ந்துவிட்டதால் அதற்கு 120. சால்டரிங் அயர்ன் அச்சகத்து முதலாளியுடையது, 25 வாட்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பற்றவைத்தேன். தவறு இங்கேதான் நடந்தது. அப்போது அது தவறாகத் தெரியவில்லை; மிகவும் சுத்தமான வேலையாகத் தெரிந்தது.

3.5 மி.மீ. பிளக்கில் மூன்று இடம் உண்டு: நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி பொது எர்த். சிவப்பை நுனிக்கும், வெள்ளையை வளையத்துக்கும், செம்பு வலையை அடிக்கும் வைத்தேன். அது சரிதான். ஆம்ப்ளிஃபயர் பக்கத்துப் பெரிய பிளக் மோனோ, அதில் இரண்டே இடம்: நுனியும் அடியும். என்னிடம் இழையும் இரண்டுதானே? ஸ்பீக்கருக்கு இரண்டு ஒயர் போவதைப் பார்த்துப் பழகிய கண், சிவப்பை நுனிக்கும் வெள்ளையை அடிக்கும் வைக்கச் சொன்னது. வலையை என்ன செய்வது? ‘ஷீல்டை ஒரு முனையில் மட்டும்தான் எர்த் செய்யவேண்டும்’ என்று எங்கோ காதில் விழுந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இந்த முனையில் வலையைக் கத்தரித்து, டேப் சுற்றி மூடிவிட்டேன்.

மாலை 6 மணிக்குப் போட்டுப் பார்த்தோம். நாதஸ்வரம் முழங்கியது. பல்லவி தொடங்கவேண்டிய இடத்தில் வயலின் மட்டும் வாசித்தது. நன்றாகக் காதைக் கொடுத்தால், கிணற்றுக்குள் யாரோ நின்று பாடுவதுபோல் ஒரு எதிரொலி மட்டும் கேட்டது.

“பாடுகிறவர் எங்கே தம்பி?” என்றார் பூசாரி அண்ணாச்சி.

கோப்பு கெட்டிருக்கும் என்றேன். வேறு பாட்டுப் போட்டோம், அதிலும் குரல் இல்லை. மூன்றாவதாக, என் ஆச்சி காலத்துப் பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். அதில் எதுவுமே கேட்கவில்லை. குரலும் இல்லை, வாத்தியமும் இல்லை. மூன்றையும் ஹெட்போனில் கேட்டால் கண்ணாடிபோல் இருந்தன. இரவு பத்து மணிவரை பாட்டுகளைத் திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் சரியாக இருக்கிற கோப்பு ஒயரில் போகும்போது கெட்டுப்போகாது என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம்.

திங்கட்கிழமை மாலை, பேட்டை ஐடிஐயில் படிக்கும் என் அக்காள் மகன் வந்தான். “மாமா, விண்டோஸில் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். அதைப் போட்டால் குரல் வந்துவிடும்” என்று சொல்லி அந்தப் பொத்தானை அழுத்தினான். மண்டபம் முழுக்க நிசப்தம். வயலின், தவில், எல்லாம் போயிற்று. பொத்தானை அணைத்தால் வாத்தியம் திரும்பியது. போட்டால் மறுபடி நிசப்தம். இருவரும் சிரித்துவிட்டு அதை அணைத்துவைத்தோம். விடை கையில் கிடைத்திருந்தது. அதை வாசிக்கத்தான் தெரியவில்லை.

செவ்வாய் காலை, கொடைக்குப் பந்தக்கால் நடும் கால்நாட்டு. பாடுகிறவர் இல்லாமலே பாட்டுகள் ஓடின. தெருவில் பாதிப் பேர் கவனிக்கவில்லை. மீதிப் பேர் அன்று முழுதும் என்னைப் பார்த்துப் பல்லவியை வாயசைத்துக் காட்டினார்கள்.

அன்று மாலை சீரியல் பல்பு கட்ட வந்த எலெக்ட்ரீஷியன், ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு பின் பிளக் இருப்பதைப் பார்த்துக் கடிந்துகொண்டார். உலோகப் பெட்டி, ஈரக்கையோடு புழங்கும் இடம், எர்த் இல்லாமல் ஓடலாமா? உண்மைதான். 60 ரூபாய்க்கு மூன்று பின் பிளக் வாங்கிக்கொடுத்தேன்; மூன்று இழை ஒயரோடு மாற்றி, எர்த்தைப் பெட்டியின் உடம்பில் திருகிவைத்தார். பாட்டைப் போட்டதும் பாடுகிறவர் வந்துவிட்டார்! கூடவே ‘உம்ம்ம்’ என்று தாழ்ந்த இரைச்சல் ஒன்றும் வந்தது. பூசாரி அண்ணாச்சி அதற்கு வண்டு என்று பெயர் வைத்தார். வண்டு இருந்தால் இருக்கட்டும், பாட்டு வந்ததே என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். எர்த் இல்லாததுதான் நோய் என்று புதன்கிழமை முழுதும் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அச்சகத்தில்கூடச் சொன்னேன்.

வியாழக்கிழமை காலைப் பாட்டில் ஒரு வீணை உண்டு. சரணத்துக்கு முன்னால் தனியாக வாசிக்கும். ஒலிபெருக்கியில் அந்த இடம் வெற்றிடமாகப் போயிற்று. ஹெட்போனில் கேட்டேன், வீணை வலது காதில் மட்டும் இருந்தது. ஆக, பாடுகிறவர் வந்தார், வலப்பக்கம் மொத்தமும் போய்விட்டது. நோய் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது.

அன்று இரவுதான் அளந்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது. என்னிடம் இருந்த 200 ரூபாய் மீட்டரில் ஏசி அளவு 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதில் 1 வோல்ட்டை அளப்பது நெல்மூட்டைத் தராசில் மூக்குத்தியை நிறுப்பது. அக்காள் மகன் நண்பனிடமிருந்து ஒரு நல்ல மீட்டரை வாங்கிவந்தான். ஆடாசிட்டி மென்பொருளில் 200 ஹெர்ட்ஸ் ஒலியை உருவாக்கி, சத்தத்தை முழுதாக வைத்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெரிய பிளக்கை உருவி, மீட்டரின் ஒரு முள்ளை நுனியிலும் மற்றொன்றை அடியிலும் பிடித்தேன்.

இடது மட்டும் ஒலித்தபோது 1.10 வோல்ட். வலது மட்டும் ஒலித்தபோது 1.09. இரண்டும் ஒன்றாக ஒலித்தபோது 0.01.

மூன்று முறை அளந்தேன். இரண்டும் சேர்ந்தால் கூடவேண்டியது ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அப்புறம் ஒரு பழைய அழைப்பிதழின் பின்பக்கத்தில் படம் போட்டதும் எல்லாம் விளங்கிவிட்டது. நுனியில் இடது, அடியில் வலது. ஆம்ப்ளிஃபயருக்குக் கிடைத்தது இவற்றின் கூட்டல் இல்லை, கழித்தல். பாட்டுப் பதிவில் பாடுகிறவரை நடுவில் நிறுத்துவார்கள், அதாவது இடத்திலும் வலத்திலும் குரல் ஒரே அளவு இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் குரல் பூச்சியம். ஓரங்களில் வைத்த வாத்தியங்கள் மிஞ்சும், குரலைச் சுற்றிய எதிரொலியும் மிஞ்சும். கிணற்றுக்குள் பாடியவர் அவர்தான். ஆச்சி காலத்துப் பாட்டு மோனோ பதிவு, இரண்டு பக்கமும் ஒன்றே, அதனால் முழு நிசப்தம். அக்காள் மகன் அழுத்திய பொத்தானும் எல்லாப் பாட்டையும் அப்படித்தான் ஆக்கியது.

எர்த் கொடுத்ததும் ஏன் பாடுகிறவர் வந்தார்? ஆம்ப்ளிஃபயரின் அடிமுனை எர்த்தோடு சேர்ந்ததும், அதில் தொங்கிய வலது சானலும் எர்த்தோடு சேர்ந்துகொண்டது. மண்டபத்து எர்த் குழியில் இறங்கி, மண் வழியாகப் போய், அலுவலகத்து எர்த் குழியில் ஏறிக் கம்ப்யூட்டருக்கே திரும்பியது. இரண்டு நாளாக வலது பக்கத்து வீணை கோயில் மண்ணுக்குள் வாசித்துக்கொண்டிருந்தது. கழிக்க வலது இல்லாததால் இடது தப்பித்தது. கம்ப்யூட்டரின் வெளியீடு கருகாமல் இருந்தது அம்மன் செயல் என்று அண்ணாச்சி சொல்கிறார், நான் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, பெரிய பிளக்கை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி பற்றவைத்தேன். இந்த முறை இரண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், கால் வாட், பழுப்பு, கறுப்பு, சிவப்பு, பொன் என்று பட்டை போட்டவை. பத்து எண்ணம் 10 ரூபாய். சிவப்பு இழைக்கு ஒன்று, வெள்ளை இழைக்கு ஒன்று; இரண்டின் மறுமுனைகளையும் முறுக்கி நுனியில் ஒன்றாக வைத்தேன். செம்பு வலை, இப்போது ஒழுங்காக அடியில். ரெசிஸ்டர் இல்லாமல் இடதையும் வலதையும் நேராக முறுக்கிவிட்டால் இரண்டு வெளியீடும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருக்கும். ரெசிஸ்டரின் கால்களை 8 மி.மீ. அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றுக்கும் குழல் மாட்டி, விளக்குச் சுடரின் மேலே காட்டிச் சுருக்கினேன். ஆனாலும் பிளக்கின் மூடி உட்காரவில்லை. இரண்டு ரெசிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் முன்னும் பின்னுமாக வைத்த பிறகே மூடி திருகிக்கொண்டது. முதல் மூட்டில் ஈயம் மங்கலாக, மணல்போல் உறைந்திருந்தது. ஒயர் ஆறுவதற்குள் கை அசைந்துவிட்டது. உருக்கி எடுத்துவிட்டு மறுபடி வைத்தபோது வெள்ளிப் பூண்போல் பளபளத்தது.

அளந்தேன். இடது மட்டும் 0.55, வலது மட்டும் 0.54, இரண்டும் சேர்ந்து 1.10. கூட்டல் சரி.

பாட்டு முழுதாக வந்தது. வண்டும் முழுதாக வந்தது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. மைக் செட் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்டுவிட்டு, “மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உருவிவிடுங்கள், போய்விடும்” என்றார். போய்விடும், தெரியும். ஆனால் அபிஷேகம் முடிந்து ஈர வேட்டியோடு, வெறுங்காலோடு கல்தரையில் நின்றுகொண்டு அந்தப் பெட்டியைத் தொடுகிறவர் பூசாரி. எர்த்தை எடுக்கிற பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டேன். மைக் செட் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்.

சனிக்கிழமை காலை, அச்சகத்து மடிக்கணினியை எடுத்துவந்து, சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் வைத்து, அதே ஒயரை அதில் செருகினேன். வண்டு இல்லை. சார்ஜரைச் செருகவே இல்லை, அதனால் எர்த்தோடு அதற்கு உறவில்லை. ஒயரும் ஆம்ப்ளிஃபயரும் நிரபராதிகள் என்பது உறுதியாயிற்று. பிறகு, ஒயரின் வலையை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, அதற்கும் ஆம்ப்ளிஃபயரின் உடம்புக்கும் இடையே மீட்டரை வைத்தால் 0.2 வோல்ட் ஏசி காட்டியது. இரண்டு எர்த் குழிகள், இரண்டும் சமமில்லை. அந்த வித்தியாசம் என் ஒயரின் வலை வழியாக ஓடி 50 ஹெர்ட்ஸ் வண்டாக ரீங்கரித்தது. அலுவலகத்திலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் இழுத்து ஆம்ப்ளிஃபயரையும் அதே பிளக்கிலிருந்து ஓட்டியபோது வண்டு அநேகமாக மறைந்தது. ஆனால் பால்குடம் எடுத்து வருகிறவர்கள் நடக்கிற வழியில் கரண்ட் ஒயர் கிடக்கக்கூடாது.

மதியம் மறுபடியும் ஜங்ஷன். கார்களுக்கு ஆடியோ பொருத்தும் கடையில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டால் தருகிறார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, 320 ரூபாய். உள்ளே சானலுக்கு ஒன்றாக இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். பாட்டு காந்தம் வழியாகத் தாண்டிப் போகும், எர்த்துக்கு இடையே செம்புத் தொடர்பு இருக்காது. கம்ப்யூட்டரின் பச்சை ஓட்டைக்கும் என் ஒயருக்கும் நடுவில் செருகினேன். வண்டு பறந்துவிட்டது. குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ஆழ்ந்த ஒலியைக் கொஞ்சம் விழுங்குகிறது. தவிலின் வலந்தலை அப்படியே இருக்கிறது, தொப்பிப் பக்கம் சற்று மெலிந்துவிட்டது. எங்கள் பெட்டி ஸ்பீக்கர்களுக்கு அந்த ஆழம் எட்டுவதே இல்லை என்பதால் யாருக்கும் குறையில்லை.

சத்த அளவு: கம்ப்யூட்டரில் 80, ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் திருகு கால் பங்கு. முதலில் கம்ப்யூட்டரில் 20 வைத்து ஆம்ப்ளிஃபயரை முக்கால் திருகினேன், ‘ஸ்ஸ்’ என்ற சீற்றமும் சேர்ந்து பெரிதாயிற்று. மைக் ஓட்டையில் செருகிப் பார்க்கும் ஆசை யாருக்காவது வந்தால், வேண்டாம். அது சில மில்லிவோல்ட்டுக்குச் செய்தது. 1 வோல்ட்டைக் கொடுத்தால் பாட்டு தகரத்தைக் கிழிப்பதுபோல் வரும். விண்டோஸ் ஒலி அமைப்பில் ‘ஒலிகள் இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். கால்நாட்டன்று அம்மனுக்குத் தீபாராதனை காட்டும் நேரத்தில் ‘டிங்’ என்றது அந்த மணிதான். இரண்டு பாட்டிமார் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

செலவு: ஒயர் 450, பிளக்குகள் 110, குழல் 20, ரெசிஸ்டர் 10, ஆல்கஹால் 120, மூன்று பின் பிளக் 60, ஐசொலேட்டர் 320, உதவாத கேபிள் 150. மொத்தம் 1,240. பஸ் கட்டணம் என் உபயம்.

அந்த உதவாத கேபிளுக்கும் ஒரு வேலை வந்தது. கொடைக்கு முந்தைய திங்கட்கிழமை, அம்மனை அழைக்கும் குடியழைப்பு இரவில் வில்லுப்பாட்டு. காவல் நிலையத்தில் அனுமதி வாங்கி, பத்து மணிக்கு மேல் சத்தத்தைக் குறைத்து நள்ளிரவுவரை நடத்தினோம். மைக் செட்காரரின் மிக்சர், பல மைக்கின் ஒலியையும் ஒன்றாகச் சேர்க்கும் பெட்டி, அலுவலக ஜன்னலுக்கு வெளியே திண்ணையில் இருந்தது. அதன் பின்னால் பதிவுக்கென்று இரண்டு ஆர்சிஏ ஓட்டைகள்! ஒன்றரை மீட்டர் கேபிள் ஜன்னல் வழியாக அளவெடுத்ததுபோல் எட்டியது. அவசரத்தில் இளஞ்சிவப்பு ஓட்டையில் செருகிவிட்டேன். குடத்தின் ஒவ்வொரு அடியும் ஆடாசிட்டியின் அலைகளில் உச்சி வெட்டிய பனைமரம்போல் தட்டையாக நின்றது. நீலத்துக்கு மாற்றியதும் குடம் குடமாயிற்று, உடுக்கை உடுக்கையாயிற்று. ஆனால் மிக்சருக்கு வேறு இடத்திலிருந்து கரண்ட், அதனால் பதிவில் மெலிதாக வண்டு. அந்த நேரத்தில் பாட்டுப் போடும் ஒயருக்கு வேலை இல்லையே என்று, பச்சை ஓட்டையிலிருந்து ஐசொலேட்டரை உருவி நீலத்துக்கு மாற்றினேன். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. நிமிடத்துக்கு 10 எம்பிக்கு மேல். மூன்று மணி நேரத்துக்கு 1.9 ஜிபி. வண்டு இல்லாத, சுத்தமான பதிவு. கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி வில்லுப்பாட்டுக் குழுத் தலைவரின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

கொடையன்று காலை 6 மணி 2 நிமிடத்துக்கு போன் அடித்தது. பூசாரி அண்ணாச்சி.

“தம்பி, வண்டு திரும்பி வந்துவிட்டது.”

ஐசொலேட்டர் நீல ஓட்டையிலேயே இருந்தது. பல்கூடத் துலக்காமல் ஓடினேன். இரண்டாவது ஐசொலேட்டருக்கு 320 ரூபாய் கமிட்டி ஒப்புக்கொண்டிருக்கிறது.